அம்மனின் பெயரை மாற்றுவதற்கு முன்: மட்டக்களப்பு, அம்பாறை கோயில் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள கோயில் பரிபாலன சபைத் தலைவர்மாருக்கும், கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கர்மாருக்கும், திருப்பணி வேலையென்று இரவுபகலாக ஓடித்திரிகிற தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிற ஆள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்காரன். எந்தக் கோயில் சபையிலும் எனக்குப் பதவி இல்லை, வேண்டியதும் இல்லை. ஆனால் சின்ன வயதில் இருந்து கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குப் போய், அவள் கதையைப் பாடுகிற வழக்குரை கேட்டு வளர்ந்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் திருப்பணி தொடங்காத கோயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓலைக் கொட்டிலில் இருந்த அம்மனுக்குக் கல்லுக் கட்டடம் வந்திருக்கிறது, விமானம் வந்திருக்கிறது, சில ஊர்களில் இராஜகோபுரமும் எழும்பிவிட்டது. லண்டனிலும் கனடாவிலும் சுவிசிலும் பிள்ளைகள் உழைத்து அனுப்பிய காசும் ஊரில் இருப்பவர்களின் வியர்வையும் அதில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் கவலை, கட்டடத்தோடு சேர்ந்து நடக்கிற மற்றக் காரியத்தைப் பற்றியது. சில ஊர்களில் கும்பாபிஷேக அழைப்பிதழைப் பார்த்தால், பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்து கண்ணகி அம்மன் என்று கும்பிட்ட தெய்வத்துக்கு இராஜராஜேஸ்வரி என்றோ புவனேஸ்வரி என்றோ பெயர் அச்சடித்திருக்கிறது. சடங்கு உற்சவமாகிறது. சடங்கு செய்கிற ஊர்ப் பூசகரான கட்டாடியார் மூலஸ்தானத்துக்கு வெளியே நிற்கிறார். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், வழக்குரை பாடிக்கொண்டிருந்த வயதான மனிதரிடம், அடுத்த பூசைக்கு நேரமாகிறது, சுருக்கி முடியுங்கள் என்று சொன்னார்கள். கோவலனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் இடத்தில் அவர் நின்றுபோனார். அடுத்த வருசம் அவர் வரவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "இதெல்லாம் ஆகமத்தில் இல்லை, இனிமேலாவது முறைப்படி செய்வோம்." இதைச் சொல்பவர்கள் பக்தியோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது. ஆதியில் சுத்தமான ஒரு சமயம் இருந்தது, அது நூல்களில் பத்திரமாக இருக்கிறது, எங்கள் ஊர்களில் நடந்தது அதிலிருந்து விலகிப்போன படிப்பறிவில்லாத வழிபாடு என்கிற எண்ணம். நான் வகுப்பில் படிப்பிக்கிற பாடத்தை முதல் பக்கத்தில் இருந்து வாசித்து வந்தாலே இந்த எண்ணம் நிற்காது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கு வேதத்தையே எடுங்கள். பத்து மண்டலம், 1028 பாடல்கள். இந்திரனையும் அக்கினியையும் சோமனையும் பாடிய அந்த மக்களுக்குக் கோயிலே கிடையாது. விக்கிரகம் இல்லை, கொடிமரம் இல்லை, கும்பாபிஷேகம் இல்லை. வெளியிடத்தில் வேதி அமைத்து, தீ மூட்டி, நெய்யும் சோமச் சாறும் பலியும் கொடுத்து, வேள்வி முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள். அங்கே முதல்வனாக நின்ற இந்திரன் இன்று எங்கள் எந்தக் கோயிலிலும் மூலவராக இல்லை. நாங்கள் சிவன் என்று வணங்குகிறவரோடு சேர்த்துப் பேசப்படும் உருத்திரனுக்கு அந்தத் தொகுப்பில் ஒரு சில பாடல்களே உண்டு. பிறகு உபநிடதங்கள் வந்து, வேள்வியை விட அறிவு பெரிதல்லவா என்று கேட்டன. புத்தரும் மகாவீரரும் பலியை நேராகவே எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் இன்று நாங்கள் சைவச் சாப்பாடு என்று பெருமையாகச் சொல்வது இந்த அளவுக்கு வேர் பிடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற பெஸ்நகரில், ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர் வாசுதேவனுக்குக் கருடத் தூண் நிறுத்தித் தன்னைப் பாகவதன் என்று கல்லில் பொறித்தார். தூண் இன்றைக்கும் நிற்கிறது. குப்தர் காலத்தை ஒட்டிப் புராணங்கள் உருவெடுத்தன, கல்லிலும் செங்கல்லிலும் கோயில்கள் எழும்பின. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னே இருந்தது ஒதுங்கியது, அல்லது புதியதோடு கலந்தது. எந்தக் கட்டத்தை நிறுத்தி வைத்து இதுதான் ஆதி முறை என்று சொல்லப் போகிறோம்?

தமிழ்ப் பக்கம் வந்தால் சாட்சி இன்னும் நெருக்கமானது. சங்கப் பாடல்களில் முருகனுக்கு வழிபாடு செய்கிறவன் வேலன். கையில் வேலைப் பிடித்துத் தெய்வம் ஏறி வெறியாடுவான், கழங்கு போட்டுக் குறி சொல்வான், மறி அறுத்துப் பலி கொடுப்பான். இதை வாசித்துவிட்டு, உடுக்குச் சத்தத்துக்கு நடுவில் வேப்பிலை பிடித்து ஆடுகிற எங்கள் ஊர்த் தெய்வக்காரரைப் பாருங்கள். திருமுருகாற்றுப்படையில் கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசியைப் பலியாக இடுகிற காட்சி வருகிறது. அந்தத் திருமுருகாற்றுப்படை பதினோராம் திருமுறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது, எந்த நூல்களை வைத்து எங்கள் சடங்கு சைவம் இல்லை என்று சொல்கிறோமோ, அந்த நூல்களின் வரிசைக்குள்ளேயே எங்கள் சடங்கின் மூத்த வடிவம் இருக்கிறது. கண்ணப்ப நாயனாரையும் மறக்கக் கூடாது. வாயில் நீர் கொண்டுவந்து திருமுழுக்காட்டி இறைச்சி படைத்த வேடனையும், அதைக் கண்டு பதறி ஆகம முறைப்படி சுத்தம் செய்த சிவகோசரியாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சேக்கிழார் அந்தக் கதையைச் சொல்கிறார். சிவபெருமான் யாருடைய அன்பை எடுத்துக் காட்டினார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகமம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 28 சைவ ஆகமங்களும் சிவன் அருளியவை என்பது எங்கள் நம்பிக்கை. அவை சொல்லும் கோயில் முறை தமிழ்நாட்டில் பல்லவர், சோழர் காலத்தில்தான் பெரிய அளவில் கல்லுக் கோயில்களோடு நிலைபெற்றது என்பது வரலாறு. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்க முடியும், நான் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சோழர் காலத்துக் கோயிலுக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் ஊர் ஊராக நடந்துபோய், அந்தந்த ஊர்த் தெய்வத்தை அந்தந்த ஊர்ப் பெயரோடு, அந்த மண்ணின் மரத்தையும் ஆற்றையும் கடலையும் சேர்த்துத் தமிழில் பாடினார்கள். எங்கள் கிழக்குக் கரையில் திருக்கோணமலையைப் பாடிய சம்பந்தர் அலையோசையை விட்டுவிட்டுப் பாடவில்லை. இராஜராஜ சோழன் 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தபோது, அந்தப் பதிகங்களைத் தினமும் பாட 48 பேரையும், கூட வாசிக்க இரண்டு பேரையும் நியமித்துக் கல்லிலே வெட்டி வைத்தான். தெருவிலும் திருவிழாவிலும் பிறந்த தமிழ்ப் பாட்டு, ஆகமக் கோயிலின் நடுவுக்குள் மரியாதையோடு கூட்டிவரப்பட்டது. தேவாரத்துக்கு அன்று கிடைத்த இடம், எங்கள் வழக்குரைக்கும், சடங்கின் முடிவில் அம்மனைக் குளிரப் பண்ணப் பாடுகிற குளிர்த்திப் பாடலுக்கும் இன்று ஏன் கிடைக்கக் கூடாது? இதுதான் என்னுடைய முதல் கேள்வி.

இனிக் கண்ணகியைப் பற்றி.

இந்த சமய வரலாறு முழுவதிலும், ஒரு மனிசி தெய்வமான கதை இவ்வளவு தெளிவாகப் பதியப்பட்டது குறைவு. போரில் விழுந்த வீரனுக்குக் கல்லெடுத்து, நீராட்டி, நட்டு, பூசை செய்து வாழ்த்துகிற நடுகல் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அதே படிகளைத் தன் காதைகளுக்குப் பெயராக வைத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. வீரனுக்குச் செய்த மரியாதையை, அரச சபையில் நீதி கேட்ட ஒரு வணிகப் பெண்ணுக்குச் செய்திருக்கிறார்கள். சேரன் செங்குட்டுவன் எடுத்த அந்த விழாவுக்கு வந்தவர்களில் கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும் ஒருவன் என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. அவன்தான் பத்தினி வழிபாட்டை இங்கே கொண்டுவந்தான் என்று சிங்கள மக்களும் நம்புகிறார்கள், தமிழ் மக்களும் நம்புகிறார்கள். கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வருகிற நான்கு தேவாலயங்களில் ஒன்று பத்தினித் தேவாலயம். இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புகளை மாட்டி இழுக்கிற எங்கள் கொம்புமுறியும் சிங்கள மக்களின் அங்கெலியவும் ஒரே விளையாட்டின் இரண்டு முகங்கள். இத்தனை சண்டைக்குப் பிறகும் இந்தத் தீவில் இரண்டு இனமும் ஒரே தெய்வத்தைத் தங்கள் தங்கள் மொழியில் தாயே என்று கூப்பிடுகிறது, அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான் அழைப்பிதழில் இருந்து எடுக்கிறோம்.

தமிழ்நாட்டில் கண்ணகிக்கு நேரடியாக அவள் பெயரிலேயே கோயில் எடுத்து ஊர் ஊராகச் சடங்கு செய்கிற வழக்கம் மிகவும் அருகிப்போனது. அங்கே சிலப்பதிகாரம் படிக்கிற நூல். இங்கே அது வருசத்துக்கு ஒரு தடவை கதவு திறந்து, கலியாணக்கால் நாட்டி, கண்ணுக்கு முன்னால் நடக்கிற காரியம். தம்பிலுவிலில் இருந்து காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று கரையோரமாக எண்ணிக்கொண்டு போங்கள். எங்கள் வழக்குரையில் வருகிற கதை இளங்கோவடிகளின் கதையும் இல்லை. இங்கே கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள், மீகாமன் சிலம்புக்கு மணி தேடிக் கடலோடி வெடியரசனோடு மோதுகிறான். கடலோடு வாழ்ந்த மக்கள் பாடிப் பாடி வளர்த்த கதை அது. கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தோடு நிற்கிற பெண்ணை, ஊரே சேர்ந்து நீர் தெளித்துப் பாட்டுப் பாடிக் குளிரப் பண்ணுகிறது. கச்சான் காற்றுச் சுடுகிற காலம், அம்மை வருத்தம் பரவுகிற காலம், குளத்தில் தண்ணீர் வற்றுகிற காலம், அப்போதுதான் இந்தச் சடங்கு. அநியாயமாகப் புருசனை இழந்த ஒரு பெண்ணின் கோபத்துக்கு முன்னால் ஊர் முழுவதும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிற வழிபாடு இது என்று நான் நினைக்கிறேன். எங்கள் மாவட்டங்களில் புருசனையும் பிள்ளையையும் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் எத்தனை பேர் அந்தக் குளிர்த்தியில் வந்து நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இராஜராஜேஸ்வரி அம்பாளும் அருள் செய்வாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொலைக்களக் காதையைக் கேட்டு அழுகிற அந்தத் தாய்க்கு, தன்னைப் போலவே அழுத அம்மன்தான் வேண்டும்.

அப்படியானால் இந்த வழிபாடு குறைந்தது என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் வரலாறு இருக்கிறது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசனரிமார் 1814இலேயே பாடசாலை தொடங்கிவிட்டார்கள், 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. உங்கள் தெய்வங்கள் பேய்கள், உங்கள் சடங்குகள் காட்டுமிராண்டித்தனம் என்று அச்சடித்துப் பரப்பினார்கள். அதற்கு எதிராக ஒற்றை ஆளாக எழும்பி நின்றவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை, பிறகு அச்சுக்கூடம், சைவ வினாவிடை. அவர் இல்லாவிட்டால் நான் இன்று படிப்பிக்கிற பாடமே இருந்திருக்காது. ஆனால் மிசனரிமாருக்குப் பதில் சொல்ல, நூல்களில் இருந்து எடுத்துக் காட்டக்கூடிய, ஒழுங்கான, ஆகம சைவம் ஒன்றை அவர் முன்னே நிறுத்த வேண்டியிருந்தது. ஆடு வெட்டுவதை எதிர்த்தார், சிறு தெய்வ வழிபாட்டைக் கண்டித்தார், நல்லூரிலேயே ஆகமப்படி நடக்கவில்லை என்று நிர்வாகத்தோடு முரண்பட்டார். கண்ணகி சமண வணிகப் பெண், அவளைக் கும்பிடுவது சைவத்துக்குப் புறம்பு என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில்தான் வலுத்தது. அங்கே பல கண்ணகி கோயில்கள் பெயர் மாறின. அதே நூற்றாண்டில் வங்காளத்தில் பிரம்ம சமாஜம் 1828இலும், பம்பாயில் தயானந்தரின் ஆரிய சமாஜம் 1875இலும் தொடங்கி, ஒன்று உபநிடதத்துக்கும் மற்றது வேதத்துக்கும் திரும்பச் சொன்னது. மூன்றும் வேறு வேறு வழி என்றாலும், வெளியில் இருந்து வந்த குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் அவசரம் மூன்றிலும் இருந்தது. அந்த அவசரம் அன்று நியாயமானது. இன்று எங்களை யார் குற்றம் சாட்டுகிறார்கள்? யாருக்குப் பதில் சொல்ல நாங்கள் எங்கள் அம்மனின் பெயரை மாற்றுகிறோம்?

எங்கள் மண்ணிலேயே இதற்கு வேறு விதமாக நடந்து காட்டியவர் இருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், விவேகானந்தரின் வழியில், இராமகிருஷ்ண சங்கத்தில் 1924இல் துறவு பெற்றவர். வேதாந்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். விஞ்ஞானமும் தெரியும். அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளின் கடைசி வருசங்களைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு, தொலைந்துபோன தமிழ் யாழைத் தேடுவதில் செலவழித்தார். 1947 யூனில் யாழ் நூல் அரங்கேறியது, யூலையில் அவர் மறைந்தார். கண்ணகி கதை பாடுகிற ஊரில் பிறந்ததற்கும் அந்தக் காப்பியத்தின் மேல் அவருக்கு இருந்த பிடிப்புக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவருக்குக் கல்லடியில் சமாதி வைத்து மாலை போடுகிறோம். சரி, மாலை போடுகிற நாங்கள் அவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள், சேர், இந்தப் பாடத்தில் எங்கட ஊர்க் கோயில் எந்த இடத்தில வரும் என்று. நான் சொன்ன பதில்: எல்லா இடத்திலும் வரும். கொக்கட்டிச்சோலையை எடுங்கள். தான்தோன்றீச்சரத்தில் பூசை செய்கிறவர்கள் வீரசைவ மரபுக் குருக்கள்மார். 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணர் காலத்தில் எழும்பிய, சாதியையும் வேள்வியையும் கேள்வி கேட்ட ஒரு இயக்கத்தின் கிளை, எங்கள் வாவிக் கரையில் வந்து இன்றும் விளக்கேற்றுகிறது. அந்தக் கோயிலின் தொடக்கக் கதையில் வருகிறவன் திடகன் என்ற வேடன். மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்கிறார், கதிர்காமத்தில் கப்புறாளை செய்வதைப் போலவே. இதில் ஆகமம் எங்கே என்று கேட்டுக்கொண்டு எந்தப் பக்தனும் அங்கே போவதில்லை, வாவி கடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறான். பாண்டிருப்பில் பதினெட்டு நாள் பாரதம் நடந்து திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்தில் பரவிய வழிபாடு கடல் கடந்து எப்படி இங்கே வேர் விட்டது என்பது தனியாகப் படிக்க வேண்டிய கதை. வாகரைப் பக்கம் வேடர் வழி வந்த மக்கள் குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்கிறார்கள், அது எங்கள் எல்லோரையும் விட மூத்த வழிபாடாகக்கூட இருக்கலாம். தாய்வழிக் குடிகளுக்குத் திருவிழா பங்கு பிரித்து, குடிக்கு ஒரு வண்ணக்கர் வைத்து நடத்துகிற முறையும் எங்களுடையது, அதே குடிமுறை எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும் இருக்கிறது. எங்கள் இரண்டு மாவட்டங்களுக்குள் இத்தனை காலமும் இத்தனை திசையும் ஒன்றாகக் கிடக்கிறது. இதைத்தான் ஒரே அச்சுக்குள் ஊற்றப் பார்க்கிறோம்.

நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். சமயம் எப்போதும் மாறித்தான் வந்திருக்கிறது என்று நீயே சொல்கிறாய், அப்படியானால் இப்போது மாறினால் மட்டும் என்ன பிழை? நியாயமான கேள்வி. மாற வேண்டியவை இருக்கின்றன. பலி நின்ற கோயில்களில் அது நின்றது நல்லது, திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். சாதி பார்த்து, குடி பார்த்து ஆட்களை வெளிவீதியில் நிறுத்துகிற வழக்கம் இன்னும் எங்கேயாவது இருந்தால் அதுவும் போகவேண்டும். திருவிதாங்கூரில் 1936இல் கோயில் கதவு திறந்தது, யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968இல் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. பழையது என்பதற்காக அநியாயத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் இப்போது நடக்கிற மாற்றம் எந்த அநியாயத்தையும் நீக்கவில்லை. கட்டாடியாரை வெளியில் நிறுத்துவதால் யாருக்கும் புதிதாக உரிமை கிடைக்கவில்லை. உண்மையில், பல ஊர்களில் அந்த ஊர்ச் சாதாரணக் குடும்பத்து மனிதன் அம்மனைத் தொட்டுப் பூசை செய்த உரிமைதான் போயிருக்கிறது. குளிர்த்தி நேரத்தில் பெண்கள் தாங்களாகவே குரவை போட்டு நடத்திய இடத்தில், ஒலிபெருக்கியில் இறுவட்டுப் பாட்டு ஓடுகிறது.

குருக்கள் ஐயாமாரிடமும் ஒரு வார்த்தை. உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. நித்திய பூசையும் கும்பாபிஷேகமும் நீங்கள் செய்வது ஊருக்கு நன்மை. கட்டாடியார் சடங்கு செய்கிற அந்த ஒரு கிழமை மட்டும் ஒதுங்கி நின்று, பிறகு உங்கள் முறையைத் தொடர்ந்தால் இரண்டும் வாழும். அப்படி இரண்டு முறையும் முட்டாமல் நடக்கிற கோயில்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற உறவுகளே, நீங்கள் சொல்லுகிற சொல்லுக்குச் சபையில் பாரம் அதிகம். கோபுரத்துக்குத் தருகிற காசில் கொஞ்சத்தை, வழக்குரை பாடத் தெரிந்தவர் நாலு பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கவும், உடுக்குப் பழக்கவும் ஒதுக்குங்கள் என்று நீங்கள் சொன்னால் சபை தட்டாது. உங்கள் பிள்ளைகள் ஒருநாள் ஊருக்கு வந்து எங்கள் கோயில் என்ன விசேசம் என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

சபையினரிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. அம்மனின் பெயரை மாற்றாதீர்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழைய பெயரையும் பலகையில் சேருங்கள். கும்பாபிஷேக மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு நாற்பது பக்கம் கொடுக்கிற நீங்கள், கோயிலின் உண்மையான கதைக்குப் பத்துப் பக்கம் கொடுங்கள். யார் கட்டாடியாராக இருந்தார்கள், எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, சடங்கு எத்தனை நாள், எந்த நாளில் என்ன, எதை எப்போது நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம். நிறுத்தியதை மறைக்க வேண்டாம், எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் விட அவசரமானது ஏடுகள். வழக்குரை ஏடு, சடங்கு செய்யும் முறையைச் சொல்கிற பத்ததி ஏடு, குளிர்த்தி, ஊர்சுற்றுக் காவியம், கையெழுத்துக் கொப்பிகள். வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தபடியால் அது தப்பியது. ஆனால் ஊருக்கு ஊர் பாடம் வேறு, மெட்டு வேறு, பத்ததி முழுவதுமே வேறு. 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது, இடப்பெயர்வுகளில் பெட்டிகளை விட்டுவிட்டு ஓடினோம், 2004 டிசம்பரில் கடல் வந்து கரையோர வீடுகளைக் கழுவிக்கொண்டு போனது. மிஞ்சியதுதான் இன்று இருக்கிறது. தேவாரத்துக்கே என்ன நடந்தது என்று மரபு சொல்கிறது? தில்லையில் பூட்டிய அறையைத் திறந்து பார்த்தபோது ஏடுகளில் பெரும் பகுதியைச் செல் அரித்துவிட்டது, நம்பியாண்டார் நம்பி மிஞ்சியதைத்தான் தொகுத்தார். எங்களுக்கு அந்த அளவுக்குக்கூடத் தாமதிக்க வேண்டிய தேவை இல்லை. கைத்தொலைபேசியில் படம் எடுக்கலாம், பாடுவதை ஒலிப்பதிவு செய்யலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, ஏடுகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்தி வைக்கிற நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஏட்டை வீட்டை விட்டு வெளியே கொடுக்கப் பயமாக இருந்தால் கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் படமெடுத்தால் போதும்.

அடுத்த வைகாசிக் கதவு திறக்க முன்னர் நடக்கிற சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள். எங்கள் ஊரில் ஏடு யார் வீட்டில் இருக்கிறது, முழுவதும் பாடத் தெரிந்தவர் யார், அவருக்கு என்ன வயது, அவரிடம் பழகுவதற்கு யார் தயார் என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். சனி ஞாயிறில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன், வாவியின் எந்தக் கரையாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
படுவான்கரையில் இருந்து ஓர் இந்து நாகரிக ஆசிரியர்